மூன்று நாள் பத்தியம்

நவம்பர் 5, புதன்

காலையிலிருந்து பனியும் மழையும் கலந்த ஏதோ ஒரு கோதாரி. எல்லிங்ஸ்ருட் ஸ்டேஷன் வாசலில் ஒருவன் சறுக்கி விழுந்தான். விழுந்தபடியே தொலைபேசியில் கதையைத் தொடர்ந்தான். எனக்கு வலது முழங்கால் நோ. இடதும் தொடங்குகிறது, தனக்கும் பங்கு வேண்டுமென்று.

முதியோர் இல்லத்தில் இன்றைக்கும் ஆள் குறைவு. பதினான்கு பேருக்குக் காலை மருந்துக் குளிசை கொடுப்பது நானே. பெயர் கேட்டு, பெட்டி பார்த்து, விழுங்கும்வரை நின்று, கையெழுத்து. ஏழாம் அறை அம்மையார் வழக்கம்போலக் கன்னத்துக்குள் ஒளித்துவைத்துவிட்டுச் சிரிக்கிறார். "வாயைத் திறவுங்கோ அம்மா" என்று தமிழில் சொன்னேன். திறந்தார். நோர்வேஜிய மொழியில் சொன்னால் திறப்பதில்லை.

வீட்டில் செய்தி: மனைவி வசந்தி பத்தியம் தொடங்கியிருக்கிறாள். சனிக்கிழமை எங்கேயோ காட்டுக்குள், ஒரு மரவீட்டில் கூட்டமாம். யோகா, மூச்சு, பாட்டு. அவளோடு சிறுவர் பள்ளியில் வேலை செய்கிற சில்யே என்ற நோர்வேக்காரி கூட்டிக்கொண்டு போகிறாள்.

"ஒரு கசாயமும் தருவினமாம்."

"என்ன கசாயம்?"

"ஏதோ கொடியும் இலையும் போட்டு நாள் முழுக்க வத்தக் காய்ச்சிறதாம். குடிச்சா வாந்தியும் சத்தியுமா வருமாம். உள்ளுக்கை கிடக்கிற அழுக்கெல்லாம் வெளியாலை போகுமாம்."

"பேதிக்குக் குடிக்கிற மாதிரி."

"ஓம், அப்பிடித்தான்."

நல்லது என்றேன். மனுசிக்கு ஏதோ ஒன்றில் ஆசை வந்திருக்கிறதே. இரண்டு வருடமாக எதிலும் வந்ததில்லை.

குளிர்ப்பெட்டிக் கதவில் சில்யே கொடுத்த தாள். கூடாதவை: பழைய சீஸ், சோயா சோஸ், புகையூட்டின இறைச்சி, பியர். கீழே சின்ன எழுத்தில் இன்னும் இரண்டு பந்தி. வாசிக்கவில்லை. நாள் முழுக்க மருந்துச் சீட்டு வாசிக்கிறவன் வீட்டுக்கு வந்தால் கண்ணாடியைக் கழற்றிவிடுவான்.

நாளைக்கு: பிஞ்சுக் கத்தரிக்காய், உள்ளி, மகள் துளசியின் பார்சல் எடுக்க, முழங்காலுக்குப் பூசுகிற களிம்பு.

நவம்பர் 6, வியாழன்

மழை மட்டும். முன்னேற்றம்.

வேலையால் வந்து நானே பத்தியக் கறி வைத்தேன். மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், உள்ளி. செத்தல் மிளகாய் இல்லை. வசந்தி இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டாள். மகள் துளசி ஒரு கரண்டி வைத்துவிட்டு மூக்கைச் சுளித்தாள்.

"அம்மாதானே பத்தியம்? நாங்கள் என்ன பாவம் செய்தனாங்கள்?"

"நீ இருபத்திரண்டு வயசு. நீயே சமைச்சுச் சாப்பிடலாம்."

"சரி சரி, நல்லாத்தான் இருக்கு."

ஜன்னல்கட்டில் வசந்தியின் ந.கு. பெட்டி, நாளுக்கு ஒரு குழியாக. புதன் கிடங்கும் வியாழன் கிடங்கும் நிறைந்தபடி. எடுக்கவில்லை.

ந.கு. என்றால் நித்திரைக் குளிசை. வீட்டில் அதற்கு அதுதான் பெயர். இந்தக் கொப்பிக்குள்கூட நான் வேறு பெயர் எழுதியதில்லை, பிள்ளை தற்செயலாக எடுத்துப் பார்த்தால் என்று. சரி, ஒருதரம் எழுதிவைக்கிறேன். அது மனச்சோர்வுக்குக் கொடுக்கிற குளிசை. வைத்தியர் எழுதிக் கொடுத்த அன்றே காருக்குள் வைத்துச் சத்தியம் வாங்கினாள். "துளசிக்குத் தெரியக்கூடாது. ஒருத்தருக்கும் தெரியக்கூடாது. விசர்க் குளிசை போடுறா எண்டு கதைப்பினம்." ரொம்மனில் இருக்கிற என் அக்காவை நினைத்துத்தான் சொன்னாள். அக்கா ஏற்கெனவே கேட்டவர்: "வீடு இருக்கு, வேலை இருக்கு, பிள்ளை இருக்கு, வசந்திக்கு என்ன குறை?" குறை ஒன்றுமில்லை. குறை இல்லாமல் வருகிற வருத்தத்தை எப்படி விளங்கப்படுத்துவது?

"ஏன் ரெண்டு நாளா எடுக்கேல்லை?" என்று கேட்டேன், மகள் அறைக்குள் போனபிறகு.

"நாட்டு மருந்தோடை இங்கிலீசு மருந்து சேர்க்கக்கூடாது. மூண்டு நாள் விட்டாக் காணும்."

தலையாட்டினேன். மூன்று நாள் பத்தியம். எங்கள் எல்லாருக்கும் அதுதான் கணக்கு. எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்டதில்லை.

நவம்பர் 7, வெள்ளி

இருட்டு. நாலு மணிக்கே.

வேலையில் ஒருவர் போய்ச் சேர்ந்தார். மூன்றாம் அறை. நல்ல மனுசன். அவருடைய கிடங்குப் பெட்டியை மருந்து அலுமாரிக்குத் திருப்பி அனுப்பினேன். ஞாயிறுவரை நிரப்பி இருந்தது.

வசந்தி பை அடுக்கினாள். கம்பளிக் காலுறை, வெள்ளை உடுப்பு, ஒரு வாளி. வாளி எதற்கு என்றால், "சத்திக்கு. எல்லாரும் ஆளுக்கொரு வாளி கொண்டரோணுமாம்." எனக்குச் சிரிப்பு. அவளுக்கும் சிரிப்பு. இருவரும் ஒன்றாகச் சிரித்து எத்தனை மாதம்.

நவம்பர் 8, சனி

காலை பத்துக்குச் சில்யே வந்தாள். நீலக் கார். கூரையில் பனிச்சறுக்குப் பலகை பூட்டுகிற கம்பி. கைகொடுத்து, "வசந்தியை நல்லபடி கொண்டுவந்து விடுவேன்" என்றாள். நல்ல பிள்ளை போலத்தான் இருந்தாள். இரண்டு மணித்தியால ஓட்டமாம்.

வீடு துடைத்தேன். படுத்தேன். எழும்பினேன். துளசி அறைக்குள் படிக்கிறாள். ஆளுக்கு ஒரு சான்ட்விச்.

வசந்தியிடமிருந்து ஒரு செய்தி, மாலை ஐந்துக்கு: "இனி போனை வாங்கி வைக்கினம். யோசிக்காதேங்கோ."

யோசிக்கவில்லை. அதுதான் உண்மை. கால்பந்து பார்த்தேன்.

நவம்பர் 9, ஞாயிறு

ஆஸ்பத்திரி நடைபாதை. மாலை ஆறே முக்கால். வசந்தி கதவுக்கு அங்கால்.

ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

ஒன்றரைக்குச் சில்யேயின் கார். வசந்தி இறங்கவில்லை, சில்யே இறக்கினாள். ஜாக்கெட்டையும் தாண்டி வேர்வை. கண்மணி விரிந்து, கண்ணில் கறுப்பு மட்டும். கால் இரண்டும் தன்பாட்டில் துடிக்கின்றன. "நேற்று ஒரு கோப்பை, இன்று காலை இன்னொன்று. மருந்து இன்னும் வேலை செய்கிறது, நித்திரை கொண்டால் சரி" என்றாள் சில்யே. அவளுடைய முகமும் சரியில்லை. போய்விட்டாள்.

நான் என்ன செய்தேன்? பேதி கூடிப்போய்விட்டது என்று தேசிக்காய், உப்பு, சீனி கலந்து கொடுத்தேன். முப்பது வருடம் நோர்வேயில் இருந்து, பதினொரு வருடம் முதியோர் இல்லத்தில் வேலை செய்து, உப்பும் சீனியும். குடிக்க முடியாமல் பல்லு அடிக்கிறது. "மேசை மூச்சு விடுது" என்கிறாள். பிறகு, "என்ரை கையை ஆரோ மாத்திப்போட்டினம்." காய்ச்சல் பார்த்தேன். முப்பத்தொன்பது தாண்டிவிட்டது.

துளசி வந்து ஒரு பார்வை பார்த்தாள். "அப்பா, இது பேதி இல்லை. எழும்புங்கோ." அவள்தான் காரை எடுத்தாள்.

அவசர வைத்தியத்தில் இளம் பெண் வைத்தியர். அவரும் நித்திரை இல்லாத முகம்.

"என்ன எடுத்தார்?"

"மூலிகைத் தேநீர்," என்றேன். கசாயத்துக்கு எனக்குத் தெரிந்த நோர்வேஜியச் சொல் அதுதான். நாங்கள் தடிமன், சளிக்குக் குடிப்பதும் அதே சொல்.

"வழமையாக எடுக்கிற மருந்து ஏதும்?"

துளசி பக்கத்தில். தாயின் கைப்பை அவள் தோளில். வசந்தி கட்டிலில் கிடந்தபடி என் மணிக்கட்டைப் பிடித்தாள். மேசை மூச்சு விடுகிறது என்று சொன்ன மனுசி, இதை மட்டும் தெளிவாகச் சொன்னாள்: "சொல்லாதேங்கோ."

"நித்திரைக்கு ஒரு குளிசை. அவ்வளவுதான்."

"பெயர்?"

"ஞாபகம் இல்லை."

பதினான்கு பேருடைய மில்லிகிராம் எனக்குப் பாடம். மனைவியினுடையது ஞாபகம் இல்லையாம். வைத்தியர் எழுதிக்கொண்டார்.

இரத்தம் எடுத்தார்கள். சேலைன் போட்டார்கள். வைத்தியர் பாதத்தை மேலே மடித்துப் பிடித்தார், பாதம் தன்பாட்டில் அடித்துக்கொண்டே இருந்தது. நெற்றியைச் சுருக்கினார். மறுபடியும் செய்து பார்த்தார். "வேறு எதுவும் இல்லை, நிச்சயமா?" நிச்சயம் என்றேன். ஐயோ. நிச்சயம் என்றேன். இப்படி நாற்பது நிமிடம்.

பிறகு வசந்தி ஓங்காளிக்கத் தொடங்கினாள். வைத்தியர் தாதியிடம் சத்தி நிற்க ஊசி ஒன்று எடுக்கச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "வேறு மருந்து எடுப்பதில்லை என்று நீங்கள் சொல்வதால் இதைக் கொடுக்கலாம்."

நீங்கள் சொல்வதால். இந்த வசனத்தின் ஆபத்தை, சொல்லாத மருந்தோடு ஊசி சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை, நான் மருந்து வகுப்பில் படித்து, சோதனை எழுதி, பாஸாகி, சுவரில் சான்றிதழ் மாட்டியிருக்கிறேன்.

"பிள்ளை, ஒரு தேத்தண்ணி எடுத்துக்கொண்டு வா," என்றேன் துளசியிடம்.

"இப்ப என்ன தேத்தண்ணி!"

"போ பிள்ளை."

"அம்மாவை விட்டிட்டு நான் போகமாட்டன்."

தமிழில் சொன்னால் வைத்தியருக்கு விளங்காது. நோர்வேஜிய மொழியில் சொன்னால் துளசிக்கு என்னைவிட நன்றாக விளங்கும். மகளுக்குத் தெரியாத மொழி ஒன்றும் என்னிடம் இல்லை.

சொன்னேன். இரண்டு வருடமாக மனச்சோர்வுக் குளிசை. இன்ன பெயர், இருபது மில்லிகிராம், நாளுக்கு ஒன்று. புதன்கிழமை நிறுத்தினவ. வசந்தி என் கையை விட்டுவிட்டாள்.

வைத்தியர் என்னை ஏசவில்லை. ஏசியிருக்கலாம். "தாதி, அந்த ஊசி வேண்டாம்," என்றார். "அந்தத் தேநீர் என்ன? பெயர் வேண்டும், உடனே." துளசி கைப்பைக்குள்ளிருந்து தாயின் தொலைபேசியை எடுத்துச் சில்யேயைக் கூப்பிட்டாள். ஒலிபெருக்கியில் போட்டாள். சில்யே அழுதுகொண்டு பெயரைச் சொன்னாள்: அயவாஸ்கா.

எனக்கு அது ஒரு ஊர்ப்பெயர் போல இருந்தது. வைத்தியருக்கு அப்படி இல்லை. நஞ்சு பற்றிக் கேட்கிற இலக்கத்துக்கு அழைத்தார். இரண்டு பேர் ஓடிவந்தார்கள். வேறு ஊசி, ஈரத்துணி, அம்புலன்ஸ்.

அது இந்த நாட்டில் தடைசெய்ததாம். போலீஸ் வருமா என்று நான் கேட்டேன் போலிருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் அம்புலன்ஸ் பெடியன், "எங்களிடம் சொல்வது எங்களோடு. சொல்லாமல் விடுவதுதான் ஆபத்து" என்றான்.

துளசி காரில் பின்னால் வந்தாள். இந்த வாங்கில் மூன்று இருக்கை தள்ளி இருக்கிறாள். ஒன்றும் கதைக்கவில்லை.

நவம்பர் 10, திங்கள்

வேலைக்கு அறிவித்தேன். "மனைவிக்குச் சுகமில்லை." என்ன சுகமில்லை என்று இங்கே ஒருவரும் கேட்பதில்லை. இது ஒரு நல்ல நாடு, அந்த விஷயத்தில்.

காய்ச்சல் இறங்கியிருக்கிறது. முப்பத்தேழரை. கால் துடிப்பு கொஞ்சம். மயக்க மருந்தில் படுத்திருக்கிறாள். தப்பிவிட்டாள் என்று வைத்தியர் சொல்லவில்லை; "போகிற திசை நல்லது" என்றார். இவர் ஆண், நரைத்த தாடி, ஆறுதலாகக் கதைக்கிறவர். எழுதிவைக்கிறேன், பிறகு மறந்துபோகும்:

அந்தக் கசாயத்தில் இரண்டு செடி. அமேசன் காட்டுப் பக்கம் சனங்கள் காலங்காலமாகச் சடங்குக்குக் குடிப்பது. இலைதான் காட்சி காட்டுகிறது. ஆனால் இலையைத் தனியே குடித்தால் உடம்பு அதை உடைத்து எறிந்துவிடும். கொடி அந்த உடைக்கிற வேலையை நிறுத்திவைக்கிறது. நிறுத்தினால் இலை மட்டுமா தங்கும்? மூளையில் செரட்டோனின் என்று ஒன்று. வசந்தியின் குளிசை அதைக் கூட்டிவைக்கிறது. கூட்டவும் ஆள் உண்டு, உடைக்க ஆள் இல்லை. அது வழிந்து நிரம்பினதுதான் காய்ச்சல், நடுக்கம், கால் அடித்தது. சிலர் இதில் செத்தும் போகிறார்கள்.

"மூன்று நாள் நிறுத்தியவ," என்றேன்.

"அந்தக் குளிசை நிறுத்தினபிறகும் வாரக்கணக்கில் உடம்பில் நிற்கும்," என்றார். "மூன்று நாள் என்று யார் சொன்னது?"

யார் சொன்னது. என்ன சொல்ல? "எங்கள் வழக்கம்" என்றேன். அவர் தாடியைத் தடவினார்.

இன்னொன்றும் சொன்னார். அது சிலருடைய மனதுக்கு நல்லது செய்யுமா என்று ஆய்வுகூடங்களில், ஆள் பார்த்து, மருந்து பார்த்து, இதயம் பார்த்து ஆராய்கிறார்களாம். "ஆய்வுகூடத்தில் முதல் கேள்வி, என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்பதுதான். அதற்குப் பதில் சரியாக வரவேண்டும்." என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. எனக்குத்தான் பட்டது.

வீட்டுக்குப் போய் உடுப்பு எடுத்தேன். குளிர்ப்பெட்டிக் கதவில் தாள். கண்ணாடியைப் போட்டு அந்தச் சின்ன எழுத்தை வாசித்தேன். எல்லாம் இருக்கிறது. மனச்சோர்வு மருந்துகள், பெயர் பெயராக. வைத்தியருடன் கதைத்துக் கிழமைக்கணக்கில் முன்பே நிறுத்தவேண்டும், சில மருந்துக்கு இன்னும் கூட. சீஸை விட்டோம், சோயாவை விட்டோம், மிளகாயைக் கூட விட்டோம், அது தாளில் இல்லவே இல்லை. தாளைக் கிழித்து எறிந்தேன். பிறகு பொறுக்கி ஒட்டினேன், வைத்தியருக்குக் காட்ட.

அக்காவிடமிருந்து போன். "வசந்தி ஆஸ்பத்திரியாம், மெய்தானே?" எப்படித்தான் தெரியுமோ. ஊர்வாயை மூட உலைமூடி இல்லை.

"சாப்பாடு ஒத்துக்கொள்ளேல்லை அக்கா."

"என்ன சாப்பாடு?"

"மீன்."

பொய் சொல்வது எவ்வளவு சுகமாக வருகிறது எனக்கு.

நவம்பர் 11, செவ்வாய்

வெயில்! மூன்று மணித்தியாலம். ஆஸ்பத்திரி ஜன்னலில் எல்லாரும் பூனை மாதிரி நின்றார்கள்.

வசந்தி எழும்பி இருக்கிறாள். ஆரஞ்சுச் சாறு குடித்தாள். என்னைப் பார்க்கவில்லை. அரை மணித்தியாலம் கழித்து, சுவரைப் பார்த்தபடி:

"பிள்ளைக்கு முன்னாலை சொல்லிப்போட்டியள்."

"வேறை வழி இல்லை."

"சத்தியம் செய்தனீங்கள்."

"அப்ப என்ன செய்திருக்கோணும்? உம்மை வெள்ளைத் துணியாலை மூடிக்கொண்டு வீட்டை போயிருக்கோணுமோ?"

கத்திவிட்டேன். பக்கத்துக் கட்டில் அம்மா திரையை இழுத்து மூடினார். கோபம் அவளோடு இல்லை. அந்த நாற்பது நிமிடத்தோடு. பயம், வசந்தி. எனக்குப் பயமாக இருந்தது. அதைச் சொல்ல வாய் வரவில்லை, கத்தத்தான் வந்தது.

பிறகு தோடம்பழம் உரித்துக் கொடுத்தேன். வாங்கினாள்.

"என்ன கண்டனீர், அதைக் குடிச்சு?"

ஒரு சுளையைப் பிய்த்துக் கையில் வைத்துக்கொண்டாள். "பாம்பு வரும், புலி வரும் எண்டு சில்யே சொன்னவ. எனக்கு ஒண்டும் வரேல்லை. எங்கடை குசினிதான் வந்தது."

"குசினியோ?"

"ஓம். எங்கடை குசினி. ஒவ்வொரு கோப்பையும் வடிவா இருந்தது. தண்ணி பைப்பு வடிவு. நீங்கள் அங்கை நிண்டு உள்ளி உரிச்சுக்கொண்டு நிண்டியள். நான் பாத்துக்கொண்டே இருந்தன். மூண்டு மணித்தியாலம் எனக்கு ஒண்டும் நோகேல்லையப்பா. ரெண்டு வருஷத்திலை முதல்முறை." அழுதாள். "அதுதான் காலமை இன்னொண்டு குடிச்சனான். அதிலை அது வரேல்லை. செத்துப்போனன் எண்டு நினைச்சன். செத்தும் உடம்புக்குள்ளையே பூட்டிவைச்ச மாதிரி."

திரும்பவும் குடிப்பீரோ என்று கேட்கவேண்டும். கேட்கவில்லை. ஓம் என்று சொன்னால் என்ன செய்வது? மூன்று மணித்தியாலம் நோகாமல் இருந்த ஆளிடம், வேண்டாம் என்று சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது, பத்தியக் கறியா?

துளசி வந்தாள். தாயின் தலையை வாரி இழுத்துக் கட்டினாள். இருவருக்குள்ளும் ஒரு சொல் இல்லை. என்னோடும் இல்லை. கோபம் நியாயம்தான். இரண்டு வருடம் மூடிவைத்துவிட்டு, மூடியைத் திறந்ததும் எல்லாரும் சிரிக்கவேண்டும் என்றால் எப்படி.

நவம்பர் 12, புதன்

ஆஸ்பத்திரி வாசல் கோப்பிக் கடையில் சில்யே காத்திருந்தாள். அடிப்பேன் என்று நினைத்தாளோ என்னவோ, மேசைக்கு அங்கால் ஒதுங்கி இருந்தாள். நானும் ஏசித் தீர்ப்பதென்றுதான் போனேன். வழி முழுக்க வசனம் தயார்.

"மருந்து எடுக்கிறீரா என்று நான் இரண்டு தரம் கேட்டேன்," என்றாள். "இல்லை என்று வசந்தி படிவத்தில் எழுதினார். நித்திரைக்கு மட்டும் ஏதோ, அது மருந்துக் கணக்கில் வராது என்றார்."

என் வசனம் எல்லாம் போய்விட்டது.

"அந்தக் கூட்டத்தை உங்கட ஆள் ஒருத்தர் நடத்தினாரே, அவர் வைத்தியரா?"

இல்லையாம். முன்னர் தச்சுவேலை. பெருவுக்குப் போய்ப் பழகினவராம். வசந்தி நடுங்கத் தொடங்கியதும், "பிடித்திருப்பதை விடு, விடு" என்று பக்கத்திலிருந்து பாடினாராம். மூன்று மணித்தியாலம் பாட்டு. ஒருவரும் அம்புலன்ஸ் கூப்பிடவில்லை, சட்டத்துக்கு மாறானது என்று தெரியும். "நான் கூப்பிட்டிருக்கவேண்டும்," என்றாள். "நானும் பயந்தேன்."

அவள் ஆறுதரம் குடித்திருக்கிறாளாம், விவாகரத்துக்குப் பிறகு. தனக்கு நல்லது செய்ததாம். இருக்கலாம். பொய் சொல்கிற முகம் இல்லை. அவளும் வசந்திக்கு நல்லது என்றுதான் செய்தாள், நானும் நல்லது என்றுதான் மூடினேன், வசந்தியும் நல்லது என்றுதான் குடித்தாள். நல்லது செய்கிறவர்களிடம் இருந்து ஆண்டவன் காப்பாற்றட்டும்.

கோப்பியை அவளே எடுத்துத் தந்தாள். ஆறிப்போனது. குடித்தேன்.

நவம்பர் 13, வியாழன்

வீட்டுக்கு விட்டார்கள். பதினொரு மணி. துளசி காரோட்ட, வசந்தி முன்னுக்கு, நான் பின்னுக்குப் பையோடு.

வைத்தியர் கட்டளை: பழைய குளிசை உடனே தொடங்கக்கூடாது, அடுத்த கிழமை குடும்ப வைத்தியர் பார்த்து முடிவு. திடீரென்று நிறுத்தினதாலும் தலைச்சுற்று, பதற்றம் வரும், தனியே விடவேண்டாம். கண்ணுக்குள் வெளிச்சம் திடீர் திடீரென்று வந்தால் சொல்லவேண்டும். கசாயம் என்று எதுவும், தடிமனுக்குக் கூட, கேட்காமல் கொடுக்கவேண்டாம். கடைசியை என்னைப் பார்த்தே சொன்னார்.

வீட்டில் வசந்தி குசினி வாசலில் பார்த்துக்கொண்டு நின்றாள். கோப்பைகளை. நான் "என்ன?" என்றேன். "ஒண்டுமில்லை. வெறும் கோப்பை" என்றாள்.

முழங்கால் படுமோசம்.

நவம்பர் 14, வெள்ளி

மூட்டம். விடுப்பு இன்றைக்கும். உடுப்புத் தோய்த்தேன், இரண்டு மெஷின். அரிசி முடிகிறது.

அக்கா மறுபடி. "மீனிலை என்ன மீன்?" இந்தமுறை சொன்னேன். "மீன் இல்லை அக்கா. வசந்திக்கு மனச்சோர்வு. ரெண்டு வருஷமா மருந்து எடுக்கிறா. அதோடை கூடாத ஒண்டைக் குடிச்சிட்டா." அக்கா அங்கே டிவியை நிறுத்தினார். பிறகு, "சரி, நான் புட்டு அவிச்சுக்கொண்டு வாறன்" என்றார். இவ்வளவுதானா? இவ்வளவுக்குத்தானா?

மாலை நாலு மணி போல். காய்ந்த உடுப்பை மடித்து எங்கள் அறைக்குக் கொண்டுபோனேன். கதவு அரைவாசி திறந்து இருந்தது. துளசி தாயின் கட்டில் ஓரத்தில். ஐந்து நாளுக்குப் பிறகு அவள் குரல். உள்ளே போகாமல் நின்றேன்.

"உங்களோடை எனக்குக் கோபம் இல்லையம்மா. எனக்குச் சொல்லத் தெரியேல்லை."

"நான் சொல்லியிருக்கோணும் பிள்ளை. வெக்கமா இருந்தது."

"என்ன பேர், உங்கடை குளிசை?"

வசந்தி பெயரைச் சொன்னாள். இருபது மில்லிகிராம் என்றாள்.

துளசி தாயின் போர்வையை இழுத்து நேராக்கினாள்.

"என்ரையும் அதுதான்," என்றாள் துளசி. "எனக்கு நாப்பது."

"என்ன நாப்பது?"

"பத்தொன்பது வயசிலையிருந்து எடுக்கிறன். படிக்கிற இடத்து வைத்தியர் தந்தவர். உங்களுக்குச் சொன்னா நீங்கள் உடைஞ்சு போவியள் எண்டு."

"நாப்பதோ? கோதாரி, என்ரையிலும் பார்க்க ரெண்டு மடங்கு!" வசந்தி சிரித்தாள், அழுதாள், எது என்று தெரியவில்லை, பிள்ளையை இழுத்துக் கட்டிப்பிடித்த சத்தம் மட்டும் கேட்டது. "மூண்டு வருஷமா எங்கையடி வைச்சிருந்தனீ? நாங்கள் ஒருத்தரும் காணேல்லையே!"

"கண்டனீங்கள். மேசையிலைதான் இருந்தது. விட்டமின் டி போத்திலுக்கை."

உடுப்போடு நடைபாதையில் நின்றேன். இந்த வீட்டில் ஒவ்வொரு காலையும், வேலைக்கு வெளிக்கிட முன், "விட்டமின் போட்டாச்சோ பிள்ளை?" என்று மறக்காமல் கேட்டு, ஓம் என்று அவள் சொன்னபிறகுதான் நான் சப்பாத்துப் போடுவேன்.